ஒரு மாதக் கஞ்சியும் தினக் கஞ்சியும்

ஜூலை 16 அல்லது 17. சூரியன் கடகத்துக்குள் நுழையும் அந்த நாளில் பாலக்காட்டில் கர்க்கடகம் பிறக்கிறது, யாழ்ப்பாணத்தில் ஆடி பிறக்கிறது. சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் மருந்துக் கஞ்சி அடுப்பில் ஏறும். நல்லூர்ப் பக்கத்தில் அரிசி மாவும் வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் போட்ட ஆடிக்கூழ் கொதிக்கும். இன்னும் தெற்கே கேகாலையிலோ கண்டியிலோ இருக்கும் சிங்கள வீட்டில் அன்று விசேஷம் எதுவும் இல்லை. நேற்றுக் குடித்த இலைக்கஞ்சியைத்தான் அன்றும் குடிப்பார்கள்.

ஆடிக்கூழ் பண்டிகைப் பலகாரம். பிள்ளைகள் காத்திருந்து குடிப்பது. அதை விட்டுவிடுவோம். உடம்பைப் பேணுவதற்கென்றே வைக்கும் மற்ற இரண்டு பானைகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று வருஷத்தில் ஒரு மாதம், பத்தியத்தோடு. மற்றது வருஷம் முழுக்க, பத்தியம் ஏதுமில்லாமல். ருசியில் எனக்குப் பாலக்காட்டுக் கஞ்சிதான் பிடிக்கும். உடம்புக்கு எது உதவும் என்று கேட்டால் இலங்கைப் பக்கம் சாய்வேன்.

கர்க்கடகக் கஞ்சிக்கு முறையான அரிசி ஞவரை. விதைத்து இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வரும் நெல். வடமொழி வைத்திய நூல்கள் அதை அறுபது நாள் நெல் என்றே சொல்கின்றன. பாலக்காட்டு மட்டை அரிசியோடு சேர்ந்து 2007-08இல் ஞவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தாள் மெலிந்தது, சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. அதனால் விலை மட்டையை விடப் பல மடங்கு. இதே அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் கட்டி உடம்பில் ஒற்றுவதுதான் ஞவரக்கிழி. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே அரிசி.

அரிசியோடு வெந்தயம், ஆசாளி விதை, சீரகம், சுக்கு, திப்பிலி எல்லாம் சேர்ந்து குழைய வெந்ததும் தேங்காய்ப் பால் விட்டு இறக்குவார்கள். சின்ன வெங்காயத்தை நெய்யில் சிவக்கப் பொரித்து மேலே கொட்டும்போதுதான் அது மருந்து என்பது கொஞ்சம் மறக்கும். ஏழு நாள், பதினாலு நாள், இருபத்தொரு நாள் என்று கணக்கு உண்டு. அந்த நாட்களில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, கள் இல்லை. கூடவே பத்திலைத் தோரன்: தகரை, சேம்பு, தழுதாமை, பூசணித் தளிர், சாம்பல் பூசணித் தளிர், பயற்றிலை, சேனைத் தளிர், கீரை என்று பத்து எண்ணிக்கைக்கு வரும் இலைகள். பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். தொட்டால் அரிக்கும் சொறியணமும் சில ஊர்களில் அதில் உண்டு. வெந்நீரில் போட்டு எடுத்தால் அதன் திமிர் அடங்கிவிடும்.

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் காரணம் வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் வயிற்றுத் தீ மந்தப்படும், அதைத் தூண்டும் லேசான, சூடான உணவு வேண்டும் என்பது. கேரளத்துப் பரம்பரை ஆயுர்வேதக் குடும்பத்தினரான அஷ்டவைத்தியர்கள் தலைமேல் வைத்துக்கொண்டாடிய நூல் அது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கிழவிகள்தான் சொல்வார்கள். பஞ்ஞக் கர்க்கடகம், அதாவது பஞ்சக் கர்க்கடகம். விடாத மழையில் வயல் வேலை நின்றுபோகும், பத்தாயத்தில் நெல் தீர்ந்திருக்கும், ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதம். வேலியோரத்தில் அப்போது தழைத்துக் கிடப்பது இந்தத் தகரையும் சேம்பும்தான். பசிதான் முதலில் வந்தது, சாஸ்திரம் பிறகு வந்து கைகோத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. தப்பில்லை. உலகத்தில் நல்ல உணவுப் பழக்கங்கள் பாதி அப்படிப் பிறந்தவைதான்.

இப்போது அந்தப் பசி இல்லை. வேலியும் இல்லை, மதில்சுவர்தான். ஆகவே கஞ்சி பொட்டலத்தில் வருகிறது. ஜூன் கடைசியிலேயே மருந்துக் கடைகளில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடும். 1902இல் பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலை முதல் மாநில அரசின் ஔஷதி வரை எல்லாருக்கும் இது பருவ வியாபாரம். அரிசி ஒரு பையில், மருந்துப் பொடி ஒரு பையில். அடுத்த மாதமான சிங்ஙம் பிறந்ததும் பெட்டி கடையிலிருந்து இறங்கும், வீட்டில் பொரோட்டாவும் கோழியும் ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை சர்வீஸ் விட்டால் போதும் என்கிற மனநிலை.

கடலுக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கு இத்தனை மரியாதை கிடையாது, அதுதான் அதன் பலம். சிங்களத்தில் கொலகெந்த, தமிழில் இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சரிசியை நிறைய நீரில் குழைய வேகவிடுவார்கள். வல்லாரையோ சாத்தாவாரித் தழையோ முடக்கொத்தானோ கைக்கு எது அகப்படுகிறதோ அதைத் தேங்காய்த் துருவலோடு அரைத்துப் பிழிந்து, அரிசி நன்றாக வெந்த பிறகே சாற்றை ஊற்றுவார்கள். ஊற்றியபின் அதிகம் கொதிக்கக் கூடாது. கொதித்தால் அந்தப் பசுமை போய், கலங்கிய பழுப்பாகிவிடும். உப்பு அளவாக. கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஒரு மிடறு கஞ்சி, ஒரு கடி கருப்பட்டி. கித்துள் என்பது நம் மலைகளிலும் நிற்கும் கூந்தற்பனைதான். விடிகாலையில் நடைப்பயிற்சி போகும் சாலையோரங்களில் பானையோடு விற்கிறார்கள். அலுவலகம் போகிறவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார். அவரிடம் நோய் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

அரசும் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. விவசாயத் திணைக்களம் 'ஹெல போஜுன்' என்ற பெயரில், கிராமத்துப் பெண்கள் தாங்களே சமைத்து விற்கும் உணவுச்சாலைகளைத் திறந்தது. வடக்கில் அதற்கு 'அம்மாச்சி' என்று பெயர். உள்ளே போனால் ஒருத்தர் தோசை சுட, ஒருத்தர் குரக்கன் புட்டு அவிக்க, இன்னொருத்தர் இலைக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார். 'தம்பி, ஆறமுதல் குடியுங்கோ' என்று சொல்லித்தான் கோப்பையை நீட்டுவார்கள். உடனடிக் கஞ்சிப் பொட்டலம் அங்கும் வந்துவிட்டது. ஆனாலும் பானை இன்னும் பொட்டலத்திடம் தோற்கவில்லை.

ஏன் இப்படிப் பிரிந்தது? மழையைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். கேரளத்தின் மழையில் பெரும்பங்கு தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதனால் உடம்பு கெடும் மாதம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியும். கண்டி, கேகாலைப் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடுவிலும் இடிமழை. வேலியில் இலை தட்டுப்படாத மாதம் குறைவு. இலை எப்போதும் இருந்தால் கஞ்சியும் எப்போதும் இருக்கும். அஷ்டாங்க ஹ்ருதயத்தின் சூத்திர ஸ்தானத்தில் இரண்டாம் அத்தியாயம் தினசரி ஒழுக்கம், மூன்றாவது பருவ ஒழுக்கம். கேரளம் மூன்றாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இலங்கையின் காலைக் கோப்பை இரண்டாவதை நினைவூட்டுகிறது, குடிப்பவர் அந்த நூலின் பெயரையே கேள்விப்பட்டிராவிட்டாலும்.

செடிகளோ இரண்டு கரையிலும் ஒன்றுதான். கேரளத்தின் தசபுஷ்பம் என்ற பத்து மூலிகைகளில் செறூளை என்று ஒன்று வரும், கர்க்கடகக் கஞ்சியிலும் போடுவதுண்டு. இலங்கையில் அதையே பொல்பலா என்று காயவைத்துத் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், சிறுநீர் நன்றாகப் பிரியும் என்று. சித்தூரைத் தாண்டிக் கோயம்புத்தூர் எல்லைக்கு வந்தால் அதே சிறுபீளையை மார்கழிக் கடைசியில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் கட்டிக் கூரையில் செருகுகிறோம். ஒருவர் கஞ்சியில் போடுகிறார், ஒருவர் குடிக்கிறார், நாம் காப்புக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

முருங்கை விஷயம் இன்னும் வேடிக்கை. கர்க்கடகத்தில் முருங்கையிலையைத் தொடக் கூடாது, விஷம் ஏறும் என்பது பாலக்காட்டுப் பாட்டிமார் சட்டம். மழையில் இலை கசக்கும் என்பது வேண்டுமானால் இருக்கலாம், விஷம் என்பதற்கு ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த மாதம் காய்ந்த காற்று வீசும் மாதம். முருங்கைக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. ஒரே சூரியன் ஒரே ராசிக்குள் போனாலும் வானிலை ஊருக்கு ஊர் வேறு.

இதைப் பாலக்காடு, இடுக்கி எல்லைக்காரர்கள்தான் முதலில் உணர வேண்டியவர்கள். சித்தூர் வட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கர்க்கடகத்தில் மழையை விடக் காற்றுதான் அதிகம். அட்டப்பாடியின் கிழக்குப் பாதி மழை மறைவு. இடுக்கியில் மறையூரும் அப்படியே. மூணாறு நனையும் நாளில் சின்னாறு வழியாக உடுமலை போகும் சாலை காய்ந்து கிடக்கும். இந்த ஊர்களின் பழைய ஆரோக்கியம் கர்க்கடகப் பெட்டியில் இருந்ததில்லை. அட்டப்பாடியில் இருளரும் முதுகரும் குறும்பரும் கேழ்வரகு, சாமை, தினையோடு துவரையும் அவரையும் ஒரே காட்டில் கலந்து விதைத்தார்கள். களை பறிக்கும் பெண்கள் சேலை மடியில் கீரையையும் கட்டிக்கொண்டு வருவார்கள். மறையூர் மேல்மலையில் முதுவான்களுக்குக் கேப்பைக் களி. அதுவும் தினக் கஞ்சி மரபுதான், இலங்கைக்கு நெருங்கிய மரபு.

அது உடைந்தபோது என்ன ஆனது என்பதை 2013 காட்டியது. அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் முக்கியக் காரணங்கள். நிலம் கைமாறி, சிறுதானியம் போய், ரேஷன் அரிசி மட்டும் தட்டில் மிஞ்சியிருந்தது. அதன்பின் ஊர்களில் சமூக அடுக்களைகள் வந்தன, 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டம் வந்தது. பாலக்காட்டு நகரத்தில் கஞ்சிப் பெட்டி அமோகமாக விற்ற அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்து மலையில் இது நடந்தது.

இலங்கையும் மார்தட்டிக்கொள்ள முடியாது. 2016இல் எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் சுமார் 17 விழுக்காடு. தோட்டப்புறத்தில் சுமார் 32. இலைக்கஞ்சி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலை எட்டவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்குக் காலையில் கோதுமை மாவு ரொட்டியும் சாயமும். மூணாறு லயத்தில் அவளுடைய தூரத்து உறவுக்காரிக்குக் கட்டன் சாயா. இரண்டு பேருடைய முன்னோரும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலையேறியவர்கள்தான். விடியுமுன் இலை பறித்து, அரைத்து, பிழிந்து கஞ்சி வைக்க அவர்களுக்கு நேரம் எங்கே? 'இயற்கையாகச் சாப்பிடுங்கள்' என்று எழுதுபவர்கள் இந்தக் கேள்வியை எப்போதும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதனால்தான் இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது செய்முறை இல்லை, விற்கும் முறை என்கிறேன். கேரளத்தில் 1998 முதல் குடும்பஸ்ரீ இருக்கிறது. கர்க்கடகத்தில் ஊருக்கு ஊர் மருந்துக் கஞ்சி மேளா நடத்தும் பெண்கள் அவர்கள். ஞவரை விலைக்கு விற்க வேண்டாம், திப்பிலியும் வேண்டாம். மட்டை அரிசியும் வல்லாரையும் தேங்காய்ப் பாலும் போதும், மிச்சம் பதினோரு மாதமும் பேருந்து நிலையத்திலும் தோட்டத் தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் மஸ்டர் முனையிலும் விற்கலாம். கடித்துக்கொள்ளக் கித்துளுக்குப் பதில் மறையூர்ச் சர்க்கரை உருண்டை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, பக்கத்திலேயே காய்ச்சுவது. நீரிழிவுக்காரர்கள், அவர்கள் இரண்டு நாட்டிலும் ஏராளம், அந்த உருண்டையைத் தொடாமல் கஞ்சியை மட்டும், அதுவும் சின்னக் கோப்பையில் குடிப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மூலிகை எதையும் வைத்தியரைக் கேட்டே தொட வேண்டும்.

இலை எங்கிருந்து வரும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இடுக்கி ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பு ஓயாது, அந்த ஓரங்களில் முளைக்கும் தகரையும் வல்லாரையும் பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கும். காந்தல்லூர், வட்டவடைக் காய்கறித் தோட்டங்களிலும் தெளிக்காத பாத்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில், அங்கன்வாடிக் கொல்லையில் வல்லாரைக்கென்று நாலு பாத்தி போடுவது அதைவிடச் சுலபம். ஈரம் இருந்தால் அது தானே படரும்.