நாட்குறிப்பும் நிழற்படமும்

ஜப்பானின் பண்டைத் தலைநகரான கியோட்டோவுக்குச் செல்வோர் நிழற்படங்களை நிரம்பக் கொணர்கின்றனர். நாட்குறிப்பு வரைவோர் அரியர். இது பயண இலக்கியத்துக்கு நேர்ந்த இழப்பேயாகும்.

பொன்வேய்ந்த கின்காக்குஜி மண்டபம் 1950-இல் தீக்கிரையாகி, 1955-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. படத்தில் பொன் ஒளிர்கிறது, சாம்பல் தெரிவதில்லை. ரியோவான்ஜி கல்தோட்டத்தில் 15 கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கு அமர்ந்து நோக்கினும் ஒன்றேனும் மறைந்தே நிற்கும். இடம் மாறி அமர்ந்து எண்ணியவனே முழுமையாய் எழுத வல்லான். கியோன் வட்டாரத்திலோ, படமெடுப்போர் கெய்ஷாப் பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை தந்தமையால், 2024-இல் தனியார் சந்துகள் சில பயணியர்க்கு மூடப்பட்டன.

நாட்குறிப்பின் ஆற்றலுக்குக் கி.பி. 935 அளவில் கி நோ சுராயூக்கி இயற்றிய 'தோசா நிக்கி' தக்க சான்று. தோசா மாநில ஆளுநர் பதவி முடித்து இந்நகருக்குத் திரும்பிய 55 நாள் பயணமே அதன் பொருள். ஆடவர் சீன மொழியில் குறிப்பெழுதிய அக்காலத்தில், அவர் ஒரு பெண்ணின் குரலை மேற்கொண்டு தாய்மொழியில் எழுதினார். படகு நகராத நாளையும் விடாது குறித்தார். தோசாவில் மாண்ட மகளின் நினைவு நூலெங்கும் தொடர்கிறது. ஈற்றில் வீடு பாழ்பட்டுக் கிடக்கிறது. முதிய பைன் மரங்களிடையே இளங்கன்றுகள் முளைத்துள்ளன. உடன்சென்ற பிள்ளை மட்டும் திரும்பவில்லை. இல்லாதவளைக் காட்டும் ஒளிப்படக் கருவி உண்டோ?

படம் வேண்டாவென்பது நம் கருத்தன்று. அதில் விழாததை அதனருகே ஒரு வரியேனும் எழுதிவைத்தல் வேண்டும். அவ்வரியே பயணத்தை இலக்கியமாக்குவது.