பையில் வரும் தண்ணீர்

பாங்காக்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விமானம் சென்னைக்கு வந்துசேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆக்சிஜன் அடைத்து இறுக்கிக் கட்டிய பாலிதீன் கவருக்குள் நல்ல ஆரோக்கியமான மீன் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கலர் மீன் வளர்க்கும் எவருக்கும் ஆசை எழும். துணிகளுக்கு நடுவே நான்கு ஜோடி கப்பி, ஒரு ஜோடி டிஸ்கஸ், முடிந்தால் ஒரு சின்ன அரோவானா. இதைச் செய்யலாமா, கூடாதா? ஆசையையும் சட்டத்தையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தினால் இதற்கு நேர்மையான தீர்ப்பு கிடைக்காது. கொண்டுவந்து இறக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகவே புதுவாயலை எடுத்துக்கொள்கிறேன். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைக்கு அருகே இருக்கும் ஊர். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் வெளிநாட்டுத் தொழில்நுட்ப வல்லுநர்களோடு வேலை பார்ப்பவர்களும் நிறைந்த வட்டாரம். தெற்கே சென்னையின் கலர் மீன் சந்தையான கொளத்தூர். அங்கே விற்கும் மீன்களைக் கொல்லைப்புறச் சிமெண்ட் தொட்டிகளிலும் சிறு பண்ணைகளிலும் பெருக்கித் தருபவர்கள் திருவள்ளூர் மாவட்டமெங்கும் இருக்கிறார்கள். கிழக்கே பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி. அதற்கும் கிழக்கே, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. இந்த வட்டாரத்தின் ஆரணியாறு அந்த ஏரியில்தான் சேர்கிறது. ஆகவே இங்கே ஒரு தொட்டியைக் கழுவி ஊற்றும் தண்ணீர் மழைக்காலத்தில் ஓடை, வாய்க்கால், ஆறு என்று போய், இறாலையும் நண்டையும் கொடுவாயையும் நம்பி வாழும் மீனவர்களின் நீரில் கலக்க வழி இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிருள்ள மீனை நாட்டுக்குள் கொண்டுவர 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்கீழ் முன்கூட்டியே சுகாதார இறக்குமதி அனுமதி பெற வேண்டும். எந்த அலங்கார மீன்களை இறக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. முதலில் வகுத்தபோது அதில் 92 இனங்கள் இருந்தன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் நலச் சான்று, இங்கே வந்ததும் தனிமைப்படுத்தல், பிறகே விற்பனை. ஆசிய அரோவானா, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இருப்பது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் சிப் பொருத்தி, தாள்களோடு மட்டுமே எல்லை தாண்டலாம். வரிக்குதிரைக் கோடுகள் கொண்ட பிரேசில் பிளீக்கோ 2022-இல் பனாமாவில் கூடிய மாநாட்டில் இரண்டாம் இணைப்பில் சேர்ந்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட இந்திய வனவுயிர்ச் சட்டம் இந்த உடன்படிக்கையை உள்வாங்கிக்கொண்டது. அதன்படி 2024-இல் வந்த விதிகள், இத்தகைய உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பயணியின் பெட்டியில் மீன் வருவதற்கு இந்த ஏற்பாட்டில் எங்கும் இடமில்லை.

சட்டம் தடுக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. சட்டமே பிழையாக இருந்ததும் உண்டு. 2017 மே மாதம் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. பல இனங்களைக் காட்சிக்கு வைக்கவோ விற்கவோ கூடாது என்ற நீண்ட பட்டியல் அதில் இருந்தது. கடலிலிருந்து பிடித்த மீனுக்கும் தொட்டியில் பல தலைமுறையாகப் பிறந்த மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அது சரியாக எடைபோடவில்லை. கொளத்தூர் வியாபாரம் ஆட்டம்கண்டது, எதிர்ப்பு எழுந்தது, விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே மீன்களைப் பற்றிய தடை எதையும் அதன் காரணத்தை வைத்தே நிறுக்க வேண்டும்.

காரணம் கவருக்குள் இருக்கிறது. பழக்கமுள்ள ஏற்றுமதியாளர் மீனை ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டுத்தான் கட்டுவார். வயிறு காலியாக இருந்தால் கழிவு குறையும். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். இரண்டு கவர்களாகப் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்குவார். பயணத்தின்போது மீன் மூச்சுவிடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அதன் பி.எச். அளவைக் கீழே இறக்கும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவோ கூடிக்கொண்டே போகும். ஆனாலும் மீன் சாவதில்லை. பி.எச். 6.5-இல், நம் ஊர் வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தில் இருப்பது ஒரு சதவீதத்தில் கால் பங்குகூடத் தேறாது. கவரைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது. 8-ஐத் தொட்டால் அந்தப் பங்கு நூற்றுக்கு ஆறு ஏழு ஆகிவிடும். ஏறக்குறைய முப்பது மடங்கு. கவரைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லும் பிரபலமான யோசனை, உள்ளூர்க் கடையிலிருந்து கால்மணியில் வந்த மீனுக்குப் பொருந்தலாம். பதினைந்து மணி நேரம் கட்டிக்கிடந்த மீனை அது நஞ்சில் ஊறவைக்கிறது. அத்தகைய மீனுக்கு வெப்பத்தைச் சமன்செய்துவிட்டு, பி.எச். தாழ்த்தித் தயாராக வைத்த தனித் தொட்டிக்கு உடனே மாற்றுவதே சரி. பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருபவரால் இதில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. கவர் சாய்ந்திருக்கும், நசுங்கும், பெட்டி வந்துசேரத் தாமதமாகும். முதல் நட்டம் மீனுக்கு. மீனை நேசிப்பதாகச் சொல்பவர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

மீன் பிழைத்துவிட்டால்தான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. அந்தத் தண்ணீரும் மீனின் செவுளும் தோலும் சுமந்து வருபவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்க்கலாம். 2003-இல் விக்டோரியா மாநிலப் பண்ணை ஒன்றில் அந்நாட்டுக்கே உரிய மர்ரே காட் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணமான வைரஸை ஆராய்ந்தபோது, அழகுக்காக இறக்குமதியாகும் குள்ள கௌராமி மீன்களிடம் காணப்படும் வைரஸோடு அது கிட்டத்தட்ட அச்சாக ஒத்துப்போனது. அதன் பிறகும் தயங்கி, 2016 மார்ச்சில்தான் கௌராமி, சிக்லிட், கப்பி-மோலி குடும்ப மீன்களுக்கு வைரஸ் சோதனையை அந்நாடு கட்டாயமாக்கியது. இதே வைரஸ் குழு நம் கொடுவாயையும் தாக்கக்கூடியது. வெளியிலிருந்து வரும் நோய் இங்கேயும் பாழாக்கும் என்பது ஊகமில்லை. 1994-95-இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் நம் கிழக்குக் கரையின் இறால் பண்ணைகளைச் சூறையாடியதை அந்த வட்டார விவசாயிகள் நேரில் கண்டவர்கள். வைரஸைச் சுமக்கும் கௌராமியோ நோயில்லாததுபோலவே நீந்தும். விமான நிலையத்தில் பார்வையால் மட்டும் சோதிக்கும் அதிகாரியும் அதில் எதையும் காண மாட்டார்.

இன்னொரு வகை ஆபத்து, மீன்கள் தப்பிப் பரவுவது. ஜிலேபி மீனை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது கடத்தல்காரர் யாருமில்லை. 1952-இல் உணவுக்காக, அரசு ஆராய்ச்சியின் வழியாக வந்தது. இன்று அது இல்லாத ஏரியைத் தேட வேண்டும். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கி, கையளவு மீறி வளர்ந்ததும் ஏரியில் விடப்படும் சக்கர் மீன் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. வலைகளைக் கிழிக்கும் முட்செதில் உடம்பு, விலைபோகாத இறைச்சி. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராபைமா, அலிகேட்டர் கார் என்னும் அயல்நாட்டு மீன்கள் அகப்பட்டன. யாரும் அவற்றை ஆற்றில் விட நினைத்திருக்க மாட்டார்கள். வெள்ளம் தொட்டியைத் தாண்டியது, அவ்வளவுதான். கொசஸ்தலையாற்றுக்கும் ஆரணியாற்றுக்கும் நடுவே வடகிழக்குப் பருவமழையில் மூழ்கி எழும் நிலத்துக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

இப்போது எதிர்ப்பக்கம். அதில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நம் பண்ணைகளில் ஒரே கூட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் நடக்கிறது. நிறம் மங்குகிறது, முதுகு வளைகிறது, குஞ்சுகள் குறைகின்றன. தாய்லாந்துப் பண்ணைகளின் ஃபைட்டர், சிங்கப்பூர்ப் பண்ணைகளின் கப்பி அருகே வைத்தால் நம் சரக்கு விலை போவதில்லை. பத்துத் தொட்டி வைத்திருக்கும் சிறு பண்ணைக்காரர் புது ரத்தம் தேடுவது பிழைப்புக்காகத்தான். முறையான இறக்குமதியோ மொத்தமாக வரவழைக்கும் வியாபாரிக்கு ஏற்ப அமைந்திருக்கிறது. அனுமதி, சான்று, தனிமைப்படுத்தும் இடம் எல்லாவற்றையும் தனியாளாகச் சுமக்க அவரால் இயலாது. வழியே இல்லாதவரிடம் விதியை மட்டும் நீட்டுவது அநீதி. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெட்டியில் வரும் நான்கு ஜோடி அந்தத் தேவையைத் தீர்க்குமா? தீர்க்காது. ஒரே கடையின் ஒரே தொட்டியில் வாங்கும் உயர்ரக மீன்கள் பெரும்பாலும் ஒரே தாய் வயிற்றின் குஞ்சுகள், அல்லது மிக நெருங்கிய உறவுகள். அந்த நிறத்தை நிலைநிறுத்தவே அவை உறவுக்குள் இணைக்கப்பட்டவை. அவற்றிலிருந்து இங்கே பெருக்கினால் சில தலைமுறைகளிலேயே பழைய முதுகு வளைவு திரும்ப வரக்கூடும். அடுத்தவரும் அதே கூட்டத்திலிருந்து வாங்கிக்கொள்வார், வட்டாரம் முழுவதும் ஒரே ரத்தமாகிவிடும். கொளத்தூர்ப் பண்ணையும் மதுரைப் பண்ணையும் ஹவுராப் பண்ணையும் ஆண்டுக்கு ஒருமுறை தாய்மீன்களை மாற்றிக்கொண்டால் அதைவிட அகலமான கலப்பு கிடைக்கும். எழுதி வைக்கும் பழக்கமும் கொஞ்சம் ஒத்துழைப்பும் போதும். உறுதியான வாதம் என்று நினைத்தது இந்த இடத்தில் பாதி வலுவை இழக்கிறது. மீதிப் பாதி உண்மையாகவே நிற்கிறது: சில இனங்களுக்குப் புதுத் தாய்மீன் வெளியிலிருந்து வரத்தான் வேண்டும்.

அதற்கான மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. வன்னமெய் இறாலை 2009-இல் அனுமதித்தபோது அரசு தாய் இறால்களை யார் பெட்டியிலும் வர விடவில்லை. கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம் நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் கூடம் அமைத்தது. வரும் கூட்டம் அங்கே சோதிக்கப்பட்டுத்தான் பொரிப்பகங்களுக்குப் போகிறது. வெள்ளைப்புள்ளி நோயில் கைசுட்ட தொழிலுக்கு அந்தப் பொதுக்கூடம் கிடைத்தது. வண்ண மீனுக்கு அதைப்போல ஒன்று வேண்டும், சிறு பண்ணைக்காரர் கட்டணம் கட்டி ஒரு தொட்டியை வாடகைக்கு எடுக்கக்கூடியதாக. பொன்னேரிக் கல்லூரிதான் அதற்கு ஏற்ற இடம் என்பது என் முடிவு: ஆய்வகமும் மாணவர்களும் அருகிலேயே பண்ணைகளும் உண்டு.

எல்லா வைரஸுக்கும் சோதனை செய்தால் மீன் விலையை விடச் சோதனைச் செலவு கூடிவிடும் என்ற ஆட்சேபம் சரியானது. அதனால்தான் கடைக்கு விற்கும் மீனுக்கு இந்த வழி இல்லை, தாய்மீனுக்கு மட்டும். சர்வதேசக் கடலாய்வு மன்றத்தின் அறிமுக நெறிகள் நெடுங்காலமாகச் சொல்வதும் இதுதான்: வந்த மீன் கூடத்தைவிட்டு வெளியே போகவே வேண்டாம், அங்கே பிறந்து சோதனையில் தேறிய முதல் தலைமுறை மட்டும் வெளியேறட்டும். தண்ணீர் முழுவதும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமி நீக்கப்பட்ட பிறகே வடிகாலுக்குப் போக வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இரண்டு பக்கமும் விழுகிறது. பயணியின் பெட்டியில் மீன் கொண்டுவருவது தவறு. பொழுதுபோக்குக்கு வளர்ப்பவர், பண்ணைக்காரர், தெரியாமல் வாங்கிவிட்டவர் என்று யாருக்கும் விலக்கு கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. தாள் இல்லாத அரோவானாவுக்கு அது வனவுயிர்ச் சட்டப்படியும் குற்றம். மறுபக்கம், இறாலுக்குச் செய்ததைக் கலர் மீனுக்குச் செய்யாமல் விட்டதில் அரசின் பங்கு பெரிது. கொளத்தூருக்கென வர்த்தக மையம் கட்ட முனைந்த அரசு, விற்பனைக் கூடத்துக்கு முன்பே தனிமைக் கூடத்தைக் கட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கூடம் வந்தால் எந்த இனத்தை முதலில் எடுப்பது என்ற வரிசை எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏஞ்சல்: ஓட்டில் ஒட்டவைக்கும் முட்டையைப் பெற்றோரிடமிருந்து எடுத்துத் தனித் தண்ணீரில் பொரிக்கவைக்கலாம், நோய்ச் சங்கிலியை அறுக்க அது உதவும். அடுத்து ஃபைட்டர். கப்பியும் மோலியும் குட்டி போடுபவை. குட்டிகள் தாயின் தண்ணீரிலேயே பிறப்பதால் கூடுதல் நாள் காக்க வேண்டும், இரண்டாம் தலைமுறை வரை பார்த்து விடுவது நல்லது. கோய் கடைசியில் வரட்டும். அதன் ஹெர்ப்பிஸ் வைரஸ் மீனுக்குள் ஓசையின்றித் தங்கி, தண்ணீரின் வெப்பம் ஒத்துவரும்போதுதான் தலைகாட்டும். சென்னை வெயிலில் மாதக்கணக்கில் நலமாக இருந்த கோய் மார்கழியில் மற்றவற்றையும் சேர்த்துச் சாகடிக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க, தண்ணீரைக் குளிர்வித்துக் காத்திருந்து சோதிக்கும் தொட்டிகள் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும்.