நாலு தந்தியும் ஒரு சின்னக் குரலும்

காதலன் போனை எடுக்கவில்லை. நண்பர்களோடு சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிப் போனவன். அவனுடைய நண்பன் டாமியைக் கூப்பிட்டுக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்கிறான். பந்து பார்க்கப் போயிருக்கலாம் என்று ஒரு துப்பும் கொடுக்கிறான். காதலி காரை எடுத்துக்கொண்டு டாமன்சாராவுக்கு ஓட்டுகிறாள். அங்கேயும் ஆள் இல்லை. விடாமல் கூப்பிட்டுக் கடைசியில் பிடித்தால், உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தேன், மணி கேட்கவில்லை என்கிறான். பின்னணியில் ஒரு பெண் குரல்.

மலேசியப் பாடகி ஸீ அவியின் 'கந்தோய்' பாட்டு இதுதான். கையும் களவுமாக மாட்டிக்கொள்வதை மலாய்க்காரர்கள் பேச்சுவழக்கில் கந்தோய் என்பார்கள். அவன் மாட்டிக்கொண்டான், அவள் அழுதாள் என்று முடிந்திருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பாட்டு. ஆனால் கடைசியில் அவளும் இன்னொருவனோடு பழகிக்கொண்டிருந்தவள்தான் என்று தெரிகிறது. யாரோடு? முதல் அடிகளிலேயே நல்ல பிள்ளைபோல் வந்துபோன அதே டாமியோடு. சிறுகதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. முடிவுக்கு வேண்டியதைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டு, கேட்பவர் அதை மறக்கும்வரை காத்திருக்கிறார். இதையெல்லாம் பாடுகிற குரலோ குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற குரல்.

ஸீ அவி சரவாக்கின் மீரியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் குடும்பம் கோலாலம்பூருக்கு வந்தது. லண்டனில் ஆடை வடிவமைப்பு படித்துத் திரும்பியவர், 2007இல் தாம் எழுதிய பாட்டுகளை அறையில் உட்கார்ந்து பாடி யூடியூபில் போட்டார். 'த ராக்கன்டர்ஸ்' குழுவின் டிரம்மர் பேட்ரிக் கீலர் கண்ணில் அது பட்டது. அவர் வழியாகக் குழுவின் மேலாளர் இயன் மொன்டோனுக்குப் போய், அங்கிருந்து பாடகர் ஜாக் ஜான்சனின் பிரஷ்ஃபயர் இசை நிறுவனம்வரை சேர்ந்தது. 2009 மே மாதம் பாடகியின் பெயரையே தலைப்பாகக் கொண்டு முதல் ஆல்பம் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிரஷ்ஃபயரின் சூரிய மின்சார ஒலிப்பதிவுக் கூடத்தில், ராபர்ட் கரான்ஸா தயாரிப்பில் பதிவானது.

அதிர்ஷ்டக் கதையாக இதைச் சொல்லி முடிப்பது பத்திரிகைகளுக்குச் சுலபம். பாட்டு ரசிகருக்கு முக்கியமானது வேறு. அறையில் பாடிய பெண்ணை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போன பிறகும், அந்த அறையைக் கரான்ஸா கெடுக்கவில்லை. உகுலேலேயும் கிட்டாரும் முன்னால் நிற்கின்றன. மற்ற வாத்தியங்கள் கேட்டுக்கொண்டு பின்னால் வருகின்றன. மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பல்லவி முடிந்ததும் ஐம்பது வயலின்கள் பொங்கி எழும் திரைப்பாட்டில் ஊறிய நம் காதுக்கு இது முதலில் ஏதோ குறைவதுபோல் இருக்கும். இரண்டாம் தடவை அந்தக் குறைதான் பிடித்துப்போகும்.

உகுலேலே கையடக்கமான நாலு தந்தி வாத்தியம். ஹவாய்க்கு உரியது என்று பேர். ஆனால் அது பிறந்தது தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகிப் போனவர்களோடு. போர்த்துகல்லின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தக் கூலிகள் 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' கப்பலில் ஹொனலூலுவில் இறங்கினார்கள். அவர்களோடு வந்த நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டு சாந்து என்ற மூன்று தச்சர்கள் தங்கள் ஊர்க் குட்டிக் கிட்டாரை உள்ளூர் மரத்தில் செய்யப்போய்ப் பிறந்ததுதான் இது. மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பாரைச் சுற்றியுள்ள கித்தாக் காடும் செம்பனையும் எப்படி ஆள் பிடித்து வளர்ந்தன என்று அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமல்ல. நம் ஆட்கள் தப்பும் உறுமியும் கொண்டுவந்தார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் வாத்தியமே இல்லாமல் வந்தன. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடி எழுதி வைத்திராவிட்டால் அவற்றில் பல போன இடம் தெரிந்திருக்காது.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'பிட்டர் ஹார்ட்'டைக் கேட்டால் ஸீ அவியின் கைவேலை விளங்கும். மெட்டு துள்ளுகிறது, வெயில் அடிக்கிறது, பிள்ளைகள் சுற்றிச் சுற்றி விழுந்து விளையாடுகிறார்கள். பாடுகிறவளோ இரண்டு மணி நேரமாக ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள், சமைத்த சாப்பாடு ஆறிப்போகிறது. சோகத்தை முகாரியில் பாடாமல் ஆனந்தபைரவியில் பாடியதுபோல் ஒரு குறும்பு. 'பாப்பி' இன்னும் பொல்லாதது. காதலன் பாப்பி என்ற இன்னொரு பெண்ணிடம் மயங்கிவிட்டான் என்று புலம்பும் பாட்டாகத் தொடங்கும். அந்தப் பாப்பி பெண்ணல்ல, போதை என்று மெல்லத்தான் உறைக்கும். ஆங்கிலப் பாடகர் மாரிஸி 2004இல் அதிரடியாகப் பாடிய 'ஃபர்ஸ்ட் ஆஃப் த காங் டு டை' என்ற ரவுடிப் பாட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்து, தெருச் சண்டையில் செத்தவனுக்கு அவன் தங்கை பாடுவதுபோல் மாற்றியிருக்கிறார்.

எல்லாம் அந்தத் தரம் இல்லை. சில ஆங்கிலப் பாட்டுகளில் 1930களின் ஜாஸ் பாடகிகளுடைய உச்சரிப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல. 'ஜஸ்ட் யூ அண்ட் மீ' போன்றவை கேட்கும்போது இனிக்கும், மறுநாள் நினைவில் நிற்காது.

'கந்தோய்' நிற்கிறது. காரணம் மொழி. ஒரே வரியில் பாதி மலாய், பாதி ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் சொன்னால் திருத்துவார்கள். காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு வந்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து பெட்டாலிங் ஜெயா வேலைக்குப் போகிறவர் காருக்குள் பேசுவதும் இந்தக் கலவையில்தான். தமிழராக இருந்தால் மூன்றாவது மொழியும் சேரும். கேட்பவர் சிரிப்பது கதைக்காக மட்டும் அல்ல. தன் வாய்ப்பேச்சைத் தாளத்தோடு கேட்ட சந்தோஷமும் அதில் இருக்கிறது. கலவைப் பேச்சைக் கேலிக்காகப் பயன்படுத்தும் நகைச்சுவைப் பாட்டுகள் நிறைய உண்டு. இங்கே கேலி இல்லை. அவள் கோபப்படுவதும் அந்த மொழியில், மன்னிப்பதும் அந்த மொழியில்.

தமிழில் இந்தத் துணிச்சல் வேறு வடிவில் வந்தது. கோலாலம்பூரின் 'பொயட்டிக் அம்மோ' 1998இலேயே ஒரே ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கான்டனீஸ், தமிழ் என்று ராப் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' அதில் மறுபிறவி எடுத்து, இங்கிருந்து சென்னைவரை போனது. வல்லவனின் பலம் முழக்கம்; மேடையும் கூட்டமும் அதற்கு வேண்டும். ஒருத்தி தனியாக உட்கார்ந்து, நாலு தந்தியைத் தட்டிக்கொண்டு, நம் கிள்ளான் தமிழில் காதலனை வம்புக்கு இழுக்கும் பாட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

ஸீ அவியே அடுத்த அடியை வீட்டுப் பக்கம்தான் வைத்தார். 2011இல் மாரியோ கால்டாட்டோ தயாரித்த 'கோஸ்ட்பர்ட்' ஆல்பத்தில், 'சிபோ கிடாக் நங்கிஸ்' என்று அழுகையை ஆற்றும் பாட்டு ஒன்று சரவாக் மலாயில் இருக்கிறது. தீபகற்பத்து மலாய்க்காரர்களுக்கே சில சொற்கள் பிடிபடாத பேச்சு அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனம் ஒன்று அதை உலகச் சந்தைக்கு அனுப்பியது. முதல் ஆல்பத்தில் 'கந்தோய்' ஓடியிராவிட்டால் இந்தப் பாட்டுக்கு அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.