அமைச்சர் அட்டையில் அதிகாரம் எங்கே?

சுற்றுச்சூழல் தலைப்பு என்றாலே பாகமேற்று நடித்தல் என்றாகிவிட்டது. ஒருவர் அமைச்சர், ஒருவர் தொழிற்சாலை முதலாளி, நாலு பேர் குடியிருப்பாளர்கள். முதலாளி மிரட்டுவார், மக்கள் அழுவார்கள், அமைச்சர் ஆலையை மூடச் சொல்வார். கைதட்டல். வாய் திறக்காத மாணவனும் அன்றைக்குப் பேசிவிடுகிறான், அது லாபம்தான். ஆனால் கொள்கை எப்படி உருவாகிறது என்பதை அவன் கற்கவில்லை. பாத்திர அட்டையில் குணம் இருக்கிறது; அதிகாரமும் அதன் எல்லையும் இல்லை.

நம் ஜொகூரின் கிம் கிம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில் இரசாயனக் கழிவை ஆற்றில் கொட்டினார்கள். முதலில் பாதிக்கப்பட்டவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள்; மார்ச் 13-இல் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. "கொட்டியவன் கெட்டவன்" என்று பாடத்தை முடித்தால், ஏன் கொட்டினான் என்ற கேள்வியே வராது. கழிவை முறைப்படி அகற்றச் செலவாகும். ஆற்றில் விட்டால் காசு மிச்சம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி அப்போது இந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட். 2024-இல் நாடாளுமன்றத் திருத்தம் அதை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. மாணவர்கள் மோத வேண்டிய இடம் இதுதான். தொகையை ஏற்றினால் போதுமா, கண்காணிக்க ஆள் வேண்டாமா, சிறு பட்டறைக்காரர் செலவுக்கு எங்கே போவார்?

லாபிஸ் பிள்ளைகளுக்கு வெள்ளம் இன்னும் நெருக்கம்; 2023 மார்ச்சில் கண்ணால் பார்த்தார்கள். நடவடிக்கையை வெள்ளத்துக்கு மாற்றிப் பாருங்கள், கூட்டரசு அமைச்சரின் அட்டை சட்டென்று வலுவிழந்துவிடும். அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில். காடழிப்பை நிறுத்த வேண்டிய மாநிலத்துக்கு அதே நிலமும் மரமும்தான் வருமானம். இந்த முடிச்சு இல்லாமல் உயர்நிலைச் சிந்தனை என்று பாடத்திட்டத்தில் எழுதுவது வெறும் எழுத்துதான்.

இன்னொரு குறை, முடிவு சொன்னதும் மணி அடித்துவிடுகிறது. உலகப் பருவநிலைப் பேச்சுவார்த்தையைப் பாவனையாக நடத்தும் பயிற்சியொன்றில், குழுக்கள் உறுதிமொழி கொடுத்ததும் 'சி-ரோட்ஸ்' என்ற கணினி மாதிரி வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்று காட்டிவிடும். போதவில்லையென்றால் மறுபடி பேசணும். நமக்குக் கணினிகூட வேண்டாம். "ஆலை மூடியாச்சு. தொழிலாளர்களுக்கு வேலையில்லை. கழிவு லாரி இப்போது பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறது" என்று ஆசிரியரே ஓர் அட்டையை நீட்டலாம்.

எஸ்.பி.எம். கட்டுரைகளில் "அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வரி அலுக்கும் அளவுக்கு வருகிறது. எந்த அரசாங்கம்? கூட்டரசா, மாநிலமா, நகராண்மைக் கழகமா? அட்டையில் நாம் எழுதாததை மாணவர் தாளில் எதிர்பார்க்க முடியாது.

ஒரு பாடவேளையில் இது முடியாது, இரண்டு வேண்டும். ஒப்பனைக்கும் வசனத்துக்கும் போகிற நேரத்தை இரண்டாம் சுற்றுக்குக் கொடுக்கலாம்.