றொபோவின் சொல்லும் மனிதரின் கையும்: குறியீட்டுப் பிரச்சினை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக்கின் ‘ஆர். யூ. ஆர்.’ நாடகம் 1920இல் நூலாக வெளிவந்து, 1921 ஜனவரியிற் பிராக் நகரின் தேசிய அரங்கில் மேடையேறியது. ‘றொபோ’ என்னும் சொல் இந்நாடகத்தின் வழியாகவே உலக மொழிகளுட் புகுந்தது. நாடகாசிரியரின் தமையனாரான ஓவியர் யோசெப் சாப்பெக் பரிந்துரைத்த அச்சொல்லுக்கு அடியாக அமைந்தது ‘றொபோட்டா’ என்ற செக் சொல்; நிலமானிய காலத்துக் குடியானவர் பிரபுவின் நிலத்திற் செய்யவேண்டியிருந்த கட்டாய ஊழியத்தை அது குறித்தது. நாடகத்தின் தொடக்கப் பகுதியில், றொபோக்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையின் விஞ்ஞானி ஒருவர், அவற்றுக்கு வலியுணர்வைப் புகுத்தத் தாம் முயன்று வருவதாகக் கூறுகிறார். இரக்கத்தினால் எழுந்த முயற்சியன்று அது. வலி அறியாத றொபோ தன் உடலைத் தானே சேதப்படுத்திக்கொள்கிறது. அது நிர்வாகத்துக்கு நட்டம். புலனுணர்வு உற்பத்திக் கணக்கின் ஓர் அம்சமாகவே இந்நாடகத்தில் இடம்பெறுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சாப்பெக் கற்பனையில் எழுப்பிய வினா, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர் வேறொரு வடிவில் அறிவியலாரின் முன் வந்தது. ஓர் இயந்திரத்தினுள் ‘கோப்பை’ என்ற குறியீடு இருக்கின்றது. அக்குறியீட்டுக்கும் மேசையிலுள்ள கோப்பைக்குமிடையே தொடர்பை ஏற்படுத்துவது யாது? 1990இல் ஸ்ரெவன் ஹார்னாட் இதனைக் குறியீடுகள் வேரூன்றும் பிரச்சினையாக வகுத்துரைத்தார். சீனமொழி அறியாத ஒருவர், சீனச் சொற்களுக்குச் சீனத்திலேயே பொருள் கூறும் அகராதியொன்றை மட்டும் கொண்டு அம்மொழியைக் கற்க முனைந்தால், சொல்லிலிருந்து சொல்லுக்குச் சுற்றிக்கொண்டேயிருப்பார். பொருளை அடையமாட்டார் என்பது அவர் தந்த உவமை. 1980இல் ஜோன் சேர்ள் முன்வைத்த சீன அறை பற்றிய வாதத்தின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

இப்பிரச்சினை வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரெரி வினோகிராட் 1968 தொடக்கம் 1970 வரை உருவாக்கிய நிகழ்நிரல், வர்ணக் கட்டைகள் நிறைந்த உலகமொன்றைப் பற்றி மனிதரோடு எழுத்தில் உரையாடியது. சொன்ன கட்டையை எடுத்து வைத்தது. ஏன் எடுத்தாய் என வினவினால் விடையும் பகர்ந்தது. கண்டோர் வியந்தனர். ஆனால் அந்தக் கட்டைகளுக்குப் பாரமில்லை. அவற்றைப் பற்றிய கையும் கணனித் திரையிலே தோன்றிய கோட்டுருவமே. பொருளும் சொல்லும் ஒரே குறியீட்டுத் துணியின் இரு முனைகளாயிருந்தமையாலேயே அவை இசைந்தன. வினோகிராட் பிற்காலத்தில் இவ்வகை ஆய்வினையே ஐயுற்று, பெர்னாண்டோ புளோரஸுடன் சேர்ந்து 1986இல் நூலொன்று வெளியிட்டார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தம் வெற்றியையே விசாரணைக்குட்படுத்தும் நேர்மை எந்தத் துறையிலும் அருமையாகவே காணப்படுவது.

அதே காலப்பகுதியில், 1966 முதல் 1972 வரை, ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ‘ஷேக்கி’ என்னும் றொபோ இயங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணம் இதன் பின்னால் இருந்தது. அதற்குத் தொலைக்காட்சிக் கமெராவும் தூரமானியும் முட்டுவதை உணரும் கம்பிகளும் இருந்தன. அது உண்மையான அறைகளில் உண்மையான பெட்டிகளைத் தள்ளிற்று. எனினும், அதன் கமெரா எளிதிற் பிரித்தறியத்தக்க வகையில் அந்த அறைகளும் பெட்டிகளும் முன்னதாகவே எளிமையாக்கப்பட்டிருந்தன. குறியீட்டை உலகோடு இணைக்க இயலாதவிடத்து, உலகைக் குறியீட்டுக்கு ஏற்பச் செப்பனிட்டனர் எனலாம்.

ஹார்னாட் கூறும் தீர்வு யாது? புலன்வழி வரும் பிம்பங்களிலிருந்து மாறாத இயல்புகளைப் பிரித்தெடுத்து, வகைப்பாடுகளை உருவாக்கி, அவற்றின் மீது அடிப்படைச் சொற்களை நிறுத்துவது. குதிரையையும் கோடுகளையும் இவ்வாறு அறிந்த ஒன்று, வரிக்குதிரையைக் காணாமலே அச்சொல்லின் பொருளை அறியும் என்பார். இதன் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆயின் இத்தீர்வினுள் இயங்கும் அறிவோன் யார்? தனியே அமர்ந்து, வந்து விழும் பிம்பங்களை வகைப்படுத்திக்கொண்டிருக்கும் ஒருவன். லொக்கின் அனுபவவாதத்தில் நாம் முன்னரே சந்தித்த மனிதன் அவன். 1845இல் பொயர்பாக் பற்றிய முதலாவது ஆய்வுரையில் மார்க்ஸ் சுட்டிக்காட்டிய குறைபாடும் இதுவே: பழைய பொருள்முதல்வாதம் புலனுலகைப் பார்வைக்குரிய பொருளாகக் கண்டது, மனிதரின் புலன்சார் செயற்பாடாக, நடைமுறையாகக் காணத் தவறியது.

இக்கண்டனத்தைப் பிறர் மீது மட்டும் வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நமது மார்க்சிய விமர்சனமும் நீண்டகாலமாகப் பிரதிபலிப்பு என்ற கருத்தைக் கமெராவின் தன்மையிலேயே விளங்கிக்கொண்டு வந்துள்ளது. சமூகம் முன்னே நிற்கிறது, இலக்கியம் அதனைப் படம்பிடிக்கிறது, படம் தெளிவெனில் படைப்பு யதார்த்தமானது என்ற வாய்பாட்டைக் கொண்டு எத்தனை நாவல்களுக்கு நாம் தீர்ப்பு வழங்கியிருக்கிறோம்! ஷேக்கியின் கமெரா தோற்ற இடத்தில் அவ்வாய்பாடும் தோற்கிறது. இத்தகைய ஆய்வுகள் இலக்கிய மாணவனுக்கு ஏன் வேண்டும் எனக் கேட்போருக்கு எனது விடை இதுவே.

1980களில் ரொட்னி புறூக்ஸ் மறுபுறத்திலிருந்து தொடங்கினார். உள்ளே உலகின் படம் எதுவும் வேண்டியதில்லை, உணர்வையும் இயக்கத்தையும் நேரடியாகப் பிணைத்தாற் போதும் என்பது அவரது கொள்கை. அவருடைய குழுவினரின் ‘ஹேர்பேர்ட்’ என்னும் றொபோ அலுவலக அறைகளிற் புகுந்து வெறுமையான பானத் தகரங்களைத் தேடி எடுத்து வந்தது. செயலை முதன்மைப்படுத்தியமை பெரும் முன்னேற்றமே. ஆனால் அந்த றொபோவிடம் ‘தகரம்’ என்ற சொல் இல்லை. அதற்குச் சொல்லவேண்டியவரும் எவருமில்லை. குறியீட்டை விலக்கியே பிரச்சினை தீர்க்கப்பட்டது.

உணர்வும் செயலும் இருந்தும் குறியீடு ஏன் பிறக்கவில்லை என்பதற்கு விடையைச் சோவியத் உளவியலாளர் விகோட்ஸ்கியிடம் காணலாம். 1934இல் தமது 37ஆவது வயதில் மறைந்த அவர், குழந்தை விரல் சுட்டக் கற்கும் விதத்தை விளக்கியுள்ளார். எட்டாத பொருளொன்றைப் பற்ற முயன்று குழந்தை கையை நீட்டுகிறது. கை எட்டவில்லை. தாய் வந்து அப்பொருளை எடுத்துக் கொடுக்கிறாள். தோல்வியுற்ற பற்றுதலுக்கு, ‘அது வேண்டும்’ என்ற பொருளைத் தாயே முதலில் வழங்குகிறாள். பின்னரே குழந்தை அந்த அசைவைத் தாயை நோக்கிய சுட்டலாகச் செய்யத் தொடங்குகிறது. கை நீட்டும் வீச்சும் குறைந்துவிடுகிறது. இங்கே மூன்று கூறுகள் பிரிக்கவியலாதவாறு பின்னியுள்ளன: தேவை, செயல், மற்றொரு மனிதர். ஹார்னாட்டிடம் பார்வை உண்டு. புறூக்ஸிடம் செயல் உண்டு. இருவரிடத்தும் தாய் இல்லை. 1929இல் லெனின்கிராட்டில் வெளிவந்த வொலோஷினோவின் நூலும், குறி என்பது தனிமனத்தினுள் அன்றிச் சமூக உறவில் ஒழுங்குபட்ட மனிதர்க்கிடையிலேயே தோன்றுமென வற்புறுத்தியது. (அந்நூலை எழுதியவர் பக்தினா என்ற சர்ச்சை இங்கு நமக்கு அவசியமன்று.)

பிரஸல்ஸிலும் பாரிஸிலும் ஆய்வு நடத்திய லூக் ஸ்டீல்ஸ் இந்தச் சமூகக் கூற்றை உள்வாங்க முயன்றவர். 1999இல் தொடங்கிய அவரது ‘பேசும் தலைகள்’ பரிசோதனையில், கமெராக்கள் வெண்பலகையொன்றில் ஒட்டப்பட்ட வர்ண உருவங்களை நோக்கின. பேசுவோன் ஓர் உருவத்தைத் தெரிந்து, தானே ஆக்கிய சொல்லொன்றைக் கூறும், கேட்போன் ஊகிக்கும், ஊகம் பிழைத்தால் பேசுவோன் உருவத்தைச் சுட்டிக்காட்டும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பின்னர், எவரும் வகுத்துக் கொடுக்காத பொதுச் சொற்றொகுதியொன்று உருவாயிற்று. சொல் சமூக இணக்கத்தில் பிறக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான செய்முறை விளக்கம் அரிது. 2008இல் ஸ்டீல்ஸ் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே தலைப்பிட்டு எழுதினார்.

தீர்ந்துவிட்டதா? அந்தப் பரிசோதனையில் சுட்டும் ஆற்றல் பொறியியலாளரால் ஆயத்தமாகவே கொடுக்கப்பட்டிருந்தது. விகோட்ஸ்கி எதனை விளக்கவேண்டுமெனக் கருதினாரோ, அது இங்கே தொடக்கப் புள்ளியாக வைக்கப்பட்டுள்ளது. பேசும் தலைகளுக்குச் சிவப்பு முக்கோணத்தினால் ஆவது எதுவுமில்லை. வெற்றி தோல்வி என்பன மதிப்பெண்கள் மட்டுமே. உழைப்பற்ற சமூகம் ஒன்றின் மொழி அது.

அண்மைய ஆய்வுகளிலே உழைப்பு வந்து சேர்ந்துள்ளது. ஆனால் மறைந்த வடிவில். கூகுள் ஆய்வாளர் 2022 டிசம்பரில் வெளியிட்ட ‘ஆர்.ரி.-1’ என்ற அமைப்பு, 13 றொபோக்களைக் கொண்டு 17 மாதங்களில் திரட்டிய ஏறத்தாழ 130,000 செயல்விளக்கங்களிலிருந்து, எழுநூறுக்கு மேற்பட்ட பணிகளைக் கற்றது: தகரத்தை எடுத்தல், இழுப்பறையைத் திறத்தல் முதலாயின. அந்த விளக்கங்கள் எவ்வாறு கிடைத்தன? கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையிற் பற்றிய மனிதர் றொபோவை இயக்கி இயக்கிக் காட்டினர். ‘எடு’ என்ற சொல் இவ்வியந்திரத்தில் வேரூன்றியிருப்பின், அந்த வேர் ஊழியர் சிலரின் மணிக்கட்டில் இருக்கின்றது. மார்க்ஸ் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகையில் இறந்த உழைப்பு என்றார். உழைப்பு இவ்விடத்திற் ‘தரவு’ என்னும் சொல்லினுள் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

2023இல் வந்த ‘ஆர்.ரி.-2’ மேலுஞ் சிக்கலானது. றொபோவின் ஒவ்வொரு நகர்வும் 256 படிகளாகப் பகுக்கப்பட்டு, எண்களாக, மொழியின் சொற்களோடு ஒரே வரிசையிற் பயிற்றப்பட்டது. சுத்தியலாகப் பயன்படத்தக்கதை எடுக்குமாறு பணிக்க, அது கல்லைத் தெரிந்தெடுத்தது. அப்பணி அதற்கு முன்னர் காட்டிக்கொடுக்கப்பட்டதன்று. எனது வாதத்துக்கு இஃது இடையூறு என்பதை மறைக்க விரும்பவில்லை. எவரும் கைபிடித்துக் காட்டாத செயலுக்குரிய அறிவு எங்கிருந்து வந்தது? மக்கள் எழுதிக் குவித்த எழுத்திலிருந்தும் படங்களிலிருந்தும் என்றே நான் கருதுகிறேன். கல்லால் ஆணியறைந்த தலைமுறைகளின் நடைமுறை சொற்களின் உறவுகளில் படிந்து கிடக்கின்றது. அகராதிக்குள் சுற்றுவோனுக்கு ஹார்னாட் எண்ணியதிலும் அதிகம் கிடைக்கக்கூடும். எனவே மொழி வெற்றுக் குறியீட்டுத் தொகுதி என்ற எடுகோளையே நாம் திருத்தவேண்டியுள்ளது. எனினும் ஆணி அறையப்படவேண்டும் என்ற தேவை அந்த றொபோவினதன்று. கல் நழுவி விரலில் விழுந்தால் நோவதற்கும் அங்கே எதுவுமில்லை. சாப்பெக்கின் விஞ்ஞானி நிரப்ப முயன்ற இடைவெளி அப்படியே இருக்கின்றது. அதனை யார் நிரப்புவர், எவருடைய இலாபத்துக்காக என்பதை ஆய்வுக்கூடத்தின் உள்விவகாரமாக விட்டுவிட முடியாது.

‘ஆர். யூ. ஆர்.’ நாடகத்தின் பிற்பகுதியில் றொபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கின்றன. ஒருவரை மாத்திரம் விட்டுவிடுகின்றன. அவர் விஞ்ஞானியுமல்லர், நிர்வாகியுமல்லர். கட்டிட வேலை செய்த அல்குவிஸ்ட். தம்மைப் போலவே அவரும் கைகளால் வேலை செய்பவர் என்பதே அவரைக் கொல்லாமைக்கு அவை கூறிய காரணம். புதிய றொபோக்களை உருவாக்கும் இரகசியத்தைக் கண்டறிந்து தருமாறு அவை அவரைப் பின்னர் மன்றாடுகின்றன. அது எழுதப்பட்டிருந்த ஏடு எரிக்கப்பட்டுவிட்டது. அல்குவிஸ்டுக்கோ சுவர் கட்டவே தெரியும்.