மாயாவின் கையில் இருந்த கேமரா

‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’ (2018) ஆவணப்படத்தைப் பூச்சோங் வீட்டில், மடிக்கணினியில் பார்த்தேன். முடிந்தபோது மனத்தில் நின்றது எம்.ஐ.ஏ.வின் பாட்டு இல்லை. 2001இல் இலங்கைக்குப் போய் சொந்தக்காரர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த மாயாதான். அப்போது அவர் பாடகி கிடையாது; லண்டனில் சினிமா படித்த பெண். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், பத்து வயதுவாக்கில் அகதியாகத் திரும்பியவர். போருக்குள்ளேயே இருந்துவிட்டவர்கள் முன்னால் அவருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. படத்தின் உயிர் அந்தக் கூச்சத்தில்தான்.

இயக்குநர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவருடைய கல்லூரி நண்பர். நட்பு இந்தக் காட்சிகளுக்கு உதவியது. பிறகு அதுவே இடைஞ்சலாகிவிட்டது.

2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடுகிறார். அதே நாட்களில் வன்னியில் குண்டு விழுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைச் சொல்லப் பார்க்கிறார். மறு வருஷம் ஒரு பெரிய பத்திரிகைக் கட்டுரை, அவர் சாப்பிட்ட உருளைக்கிழங்கு வறுவலைப் பிடித்துக்கொள்கிறது. 2012இல் சூப்பர் பவுல் மேடையில் நடுவிரல், கோடிக்கணக்கான டாலர் வழக்கு. படம் இதற்கெல்லாம் நண்பனாக நின்று பதில் சொல்கிறது. ஆனா, மாயா பேச வந்த விஷயம் மாயாவைப் பற்றிய விஷயமாக மாறியதுதானே பிரச்சினை? படமும் அதையே செய்கிறது.

அப்பா அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் ஆல்பத்துக்கு அவர் பெயர்தான். படத்தில் அவர் பிள்ளைகளை விட்டுப்போன அப்பாவாக வருகிறார், சரி. இயக்கங்களின் அரசியல் என்ன ஆனது? பொதுமக்களுக்காகப் பேசுவதும் புலிகளுக்காகப் பேசுவதும் எங்கே பிரிகின்றன? தமிழ் வாசகன் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். படம் அதைத் தொட்டுவிட்டு நகர்கிறது.

வன்னியில் செத்தவர்களையே நடுவில் வைத்த படமும் இருக்கிறது: கேலம் மெக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’. 2013 ஜூலையில் கோலாலம்பூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் திரையிட்டார்கள். தணிக்கை அனுமதி வாங்காமல் காட்டியதாக லீனா ஹென்றி மீது வழக்கு. 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். சாட்சியத்தைக் காட்டியதற்கு நம்ம ஊரில் போட்ட விலை அது.

இதை நினைத்துக்கொண்டு அந்த 2001 காட்சிகளை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். யாரும் பிரபலம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்கு என்ன கேட்பதென்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.