தள்ளி வைக்கப்பட்டவளின் வழக்கு

புனித அருளானந்தர் நாடகத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றும் கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில்தான். பிப்ரவரி 4 அவருடைய திருநாள். அதையொட்டி வரும் சனிக்கிழமை ராத்திரி நாடகம் நடக்கும். கொழுந்து பறித்துவிட்டு வந்த சனம் ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. சேதுபதிக்கு அட்டைக் கிரீடம், சாமியாருக்குக் காவி. கடைசிக் காட்சியில் வாளை ஓங்கியதும் விளக்கை அணைப்பார்கள். மறுபடி வெளிச்சம் வரும்போது மேடையில் சிவப்பு மண் பரவிக் கிடக்கும். ஓரியூர் மண் சிவந்தது அவர் ரத்தத்தால்தான் என்பது நம்பிக்கை. அந்த இடத்தில் நானும் அழுதிருக்கிறேன்.

எனக்கு நெருடுவது அதற்கு முந்திய ஒரு காட்சி. ஞானஸ்நானம் பெறப்போகும் தடியத்தேவர் தன் மனைவியரைக் கூப்பிட்டு, முதல் மனைவியைத் தவிர மற்றவர்கள் இனிமேல் தனக்குச் சகோதரிகள் என்று சொல்வார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். இளையவள் மட்டும் போகமாட்டாள். பேக்டரியில் வேலை செய்யும் ஓர் அண்ணன்தான் எப்போதும் அந்த வேஷம் கட்டுவார். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, தலையை விரித்துப்போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, “எங்க மாமன்கிட்ட போறேன், உன் சாமியாரு தலை உருளுதா இல்லையா பாரு” என்று கத்துவார். மண்டபமே சிரிக்கும். நாடகத்தில் சிரிக்க இருக்கும் இடமே அது ஒன்றுதான். மூன்றாவது தடவை எல்லாரும் சிரித்தபோது, என் பக்கத்தில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்த பிறகுதான் இந்தக் கதையைக் கொஞ்சம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை உண்மையில் நடந்தது. 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இயேசு சபைக் குருவாகி மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, புலால் தவிர்த்து, பண்டாரசாமியாக வாழ்ந்தார். அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று கிழவன் சேதுபதி ஆணையிட்டு விடுவித்தார். ஐரோப்பாவுக்குப் போன அருளானந்தர், 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பி, மறுபடியும் அதே மறவர் நாட்டுக்கு வந்தார். நோயில் கிடந்து தேறிய மறவர் தலைவர் தடியத்தேவர் கிறிஸ்தவராக விரும்பினார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பது நிபந்தனை. அவர் சம்மதித்து, 1693 ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார். தள்ளி வைக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரி. அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

இதை முதலில் எழுதி வைத்தவர்கள் அவருடைய சக குருக்கள். பிரான்சிஸ் லைனெஸ் என்ற குரு அதே மாதத்தில் எழுதிய கடிதம் பிறகு பிரெஞ்சில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. எழுதியவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் அச்சு இருந்தது. பைபிளில் வரும் இன்னொரு ஜான், அதாவது ஸ்நாபக அருளப்பர், ஏரோது மன்னனின் முறையற்ற திருமணத்தைக் கண்டித்ததால் தலையை இழந்தார். தலையைக் கேட்டு வாங்கியவள் ஏரோதியாள். பெயரும் ஒன்று, முடிவும் ஒன்று என்பதால் ஓரியூர்க் கதை அந்த அச்சில் கச்சிதமாக விழுந்துவிட்டது. அப்படி விழுந்ததும் தள்ளி வைக்கப்பட்டவள் ஏரோதியாள் ஆகிவிட்டாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏரோதியாள் கணவனை விட்டுவிட்டு வந்து ராணியானவள். இவள் கணவனால் வெளியே அனுப்பப்பட்டவள். இரண்டு பேரும் எப்படி ஒருத்தியாக முடியும்?

எட்டாம் ஹென்றியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகிறது. ஹென்றிக்கு ஒரு மனைவியைத் தள்ள வேண்டியிருந்தது, போப் விடவில்லை. 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் போட்டுக்கொண்டான். அதை ஏற்காத தாமஸ் மோரின் தலை மறு ஆண்டே போனது. ஹென்றி மனைவியைத் தள்ளுவதற்காகத் திருச்சபையை விட்டு வெளியே போனான். தடியத்தேவர் திருச்சபைக்குள் வருவதற்காக மனைவியரைத் தள்ளினார். ஆனாலும் உலகம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினுக்காக இன்றுவரை பரிதாபப்படுகிறது. மறவர் நாட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது எங்கள் மண்டபத்துச் சிரிப்பு.

அவள் முறையீட்டைச் சும்மா பொறாமை என்று நாடகம் காட்டுவது அந்தக் கால அரசியலையும் மறைக்கிறது. மறவர் சீமையில் கல்யாணம் என்பது ஒப்பந்தம். கிழவன் சேதுபதி தொண்டைமானின் உடன்பிறந்தவளை மணந்தார், தொண்டைமான் புதுக்கோட்டைக்குத் தலைவரானார். பிறகு சேதுபதி குடும்பத்து அகிலாண்டேஸ்வரி நாச்சியாரைச் சசிவர்ணத் தேவர் மணந்தார், சிவகங்கைச் சீமை உருவானது. ஒரு தாலியில் ஒரு நாடே பிறந்த இடம் அது. அங்கே சேதுபதி வீட்டுப் பெண்ணைத் தள்ளி வைத்தால், அது படுக்கையறைச் சமாச்சாரமாக நிற்காது, உறவை முறித்ததாகத்தான் அர்த்தம். அதிலும் தடியத்தேவர் சாதாரண ஆள் இல்லை. ராமநாதபுரத்து அரியணையில் உரிமை கோரக்கூடிய குடும்பத்தில் வந்தவர். அப்படிப்பட்டவர் புது மதத்தில் சேர்ந்து, அவர் பின்னால் ஒரு கூட்டமும் சேர்ந்தால் எந்த ராஜாவுக்குத் தூக்கம் வரும்? போதிக்காதே என்ற ஆணையை மீறி ஒரு சாமியார் திரும்பி வந்திருக்கிறார் என்பது வேறு.

நான் இயந்திரப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். ஒரு மெஷின் நின்றுபோனால் கடைசியாகப் பொத்தானை அழுத்தியவன் மேல்தான் முதலில் பழி விழும். பிரித்துப் பார்த்தால் பழுது ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கும். ஓரியூர்க் கதையில் அந்தப் பெண் கடைசியாகப் பொத்தானை அழுத்தியவள். நாடகம் அவளோடு விசாரணையை முடித்துக்கொள்கிறது. அதனால் உண்மையில் லாபம் அடைகிறவர் சேதுபதிதான். அவருடைய அரசியல் கணக்கு மறைந்துபோய், மருமகள் கண்ணீருக்கு இளகிய மாமனாக மேடையில் நிற்கிறார். 1710-இல் அவர் இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறினார்கள் என்று இயேசு சபைக் கடிதங்கள் சொல்கின்றன. பெண் கண்ணீருக்கு அந்த அரண்மனையில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

திருச்சபைச் சட்டத்தையும் பார்த்தேன். பல மனைவியர் உள்ளவன் முதல் மனைவியோடு வாழ வேண்டும், முதல்வள் யாரென்று நினைவில்லை என்றால் ஒருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார் போப் மூன்றாம் பவுல், 1537-இல். 1571-இல் ஐந்தாம் பயஸ், கணவனோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெறுகிறவளை வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: அவன் யாரோடு வாழலாம்? மற்றவள் எங்கே போவாள் என்று கேட்டால், நாடகத்தில் தடியத்தேவர் சொல்வதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்: “இனி நீங்கள் எனக்குச் சகோதரிகள்.”

அருளானந்தரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு பெரிய தலைவன் தன் பக்கம் வருகிறான் என்பதற்காக அவர் விதியை வளைக்கவில்லை. விலை என்னவென்று தெரிந்தே திரும்பி வந்தார். சிறையில் மை இல்லாமல் கரியைக் கரைத்துக் கடைசிக் கடிதம் எழுதினார். அவருடைய நேர்மை பெரியது. அந்த நேர்மைக்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். தாத்தா இந்தத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். அவருக்கு ரெண்டு சம்சாரம். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. 1968-இல் தாத்தா மூத்தவளோடு ஞானஸ்நானம் எடுத்தார். என் பாட்டி இளையவள். பேர்ப் பதிந்த தொழிலாளி என்பதால் வேறு டிவிஷனில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. ஆறு வயது அம்மாவைத் தூக்கிக்கொண்டு, பாத்திர மூட்டையோடு மலை இறங்கிப் போனார். தாத்தா மாதாமாதம் அரிசிக் காசு அனுப்பினார், நல்ல மனிதர்தான். பாட்டி ஒரே ஒரு தடவை அவரிடம் கேட்டாராம்: “சாமி வேணும்னா கும்பிட்டுக்க. நான் என்ன குத்தம் பண்ணேன்?” தாத்தா பதில் சொல்லவில்லையாம்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பலதார மணத்தைத் தடைசெய்யும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியாவில் 1982 மார்ச் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1968-இல் பாட்டியின் கல்யாணம் எந்தச் சட்டத்துக்கும் விரோதமில்லை. முறையிடத்தான் அவருக்கு ஒரு சேதுபதி மாமன் இல்லை. இருந்திருந்தால் அவரும் போயிருப்பாரா என்று அம்மாவிடம் கேட்டேன். “போயிருக்கும்,” என்றார் அம்மா. “நானா இருந்தாலும் போயிருப்பேன்.”

வேஷம் கட்டும் அந்த அண்ணனிடம் போன வாரம் பேசினேன். வசனத்தில் ஒன்றும் மாற்ற வேண்டாம், அந்த இடத்தில் மட்டும் கத்தாமல் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். “மெதுவா சொன்னா சனம் சிரிக்காதே லா,” என்றார். அதுக்குத்தான்ணே என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.